சென்ட்ரல் பார்க்கைப் பார்த்த வீடு: கோ-ஆப்பா, காண்டோவா?

நியூயார்க்கில் பல வருடம் உழைத்து, கம்பெனிப் பங்குகளை விற்றோ சொந்தத் தொழிலை விற்றோ பெரிய தொகை கைக்கு வந்ததும் சிலருக்கு ஓர் ஆசை வருகிறது. ஜன்னலைத் திறந்தால் சென்ட்ரல் பார்க் தெரிய வேண்டும். ஆசைப்படுவதில் குழப்பமில்லை. தரகர் இரண்டு வீடு காட்டிய பிறகுதான் தலை சுற்ற ஆரம்பிக்கிறது. இரண்டிலும் அதே பூங்கா, ஏறக்குறைய அதே அளவு, ஆனால் ஒன்று மற்றதைவிடக் கணிசமாக மலிவு. ஏன் என்று கேட்டால் "அது கோ-ஆப்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். மலிவானதை வாங்கினால் மாட்டிக்கொள்வோமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

சென்னையில் ஃபிளாட் வாங்கும்போது யு.டி.எஸ். எவ்வளவு என்று முதலில் கேட்போம். நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பங்கு நம் பெயரில் பத்திரமாகும். அந்த இரண்டில் விலை கூடியதான காண்டோ கிட்டத்தட்ட அந்த வகை. கோ-ஆப்பில் உங்கள் பெயரில் பத்திரமே கிடையாது. கட்டடம் முழுக்க ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. அந்தப் பங்குகளோடு, குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்க ஒரு நீண்டகாலக் குத்தகையும் வரும். எத்தனை பங்கு என்பது அளவு, தளம், காட்சி ஆகியவற்றைப் பொறுத்தது. மும்பை ஹவுசிங் சொசைட்டியில் பங்குச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆக, சட்டத்தின் கண்ணில் நீங்கள் பங்குதாரர், அதே நேரத்தில் குடித்தனக்காரரும்கூட.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். விலை வித்தியாசம் சுவருக்கோ காட்சிக்கோ அல்ல. உங்கள் வீட்டைப் பற்றிய முடிவுகளை யார் எடுப்பது என்பதற்குத்தான். அக்கம்பக்கத்தாரிடம் அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கிறவருக்குத் தள்ளுபடி கிடைக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

வாங்கவும் விற்கவும் யாருடைய அனுமதி வேண்டும் என்பது முதல் கேள்வி. இரண்டாவது பணம்: நுழையும்போது, மாதாமாதம், வெளியேறும்போது என்று மூன்று இடத்திலும் கணக்குப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் முதல் இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது, வாடகைக்கு விடவோ டிரஸ்ட், எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) பெயரில் வைத்துக்கொள்ளவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ எவ்வளவு சுதந்திரம் என்பது. நான்காவது, உள்ளே இடித்துக் கட்டலாமா என்பது. காட்சியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது முக்கியமில்லை என்பதால் அல்ல, பூங்காவைப் பார்த்த கட்டடங்களில் எல்லா வகையிலும் அது கிடைக்கும் என்பதால்.

## கோ-ஆப்

பூங்காவைச் சுற்றி நிற்கும் பெயர்பெற்ற பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சில, கட்டியபோது அப்படி இல்லை. 72-ஆம் தெரு முனையில் உள்ள டகோட்டா 1884-இல் வாடகைக் குடியிருப்பாகத் திறக்கப்பட்டு 1961-இல்தான் கோ-ஆப் ஆனது. எமரி ராத் வடிவமைத்த பெரெஸ்ஃபோர்டு 1929-இல் எழுந்தது, 1962-இல் மாறியது. அவரே 1930-இல் கட்டிய இரட்டைக் கோபுர சான் ரெமோ 1972-இல் மாறியது. கிழக்குப் பக்கம் ஃபிஃப்த் அவென்யூவில் ரொசாரியோ கண்டேலா வடிவமைத்த 834, 1040 எண்ணுள்ள கட்டடங்களுக்குத் தனி மதிப்பு. 1040-இல்தான் ஜாக்குலின் கென்னடி 1964 முதல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

அனுமதி. விலை பேசி முடித்து முன்பணம் கட்டினாலும் வீடு உங்களுடையது அல்ல. கட்டடத்தின் போர்டு, அதாவது பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டு ஆவணம் கொடுக்க வேண்டும்: சில வருட வருமான வரிக் கணக்கு, எல்லா வங்கிக் கணக்கும், வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம், நண்பர்கள் எழுதிய நற்சான்றுகள். பிறகு நேர்காணல். நாய் வளர்த்தால் சில இடங்களில் அதையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். நேர்காணலில் நாமாகக் கேள்வி கேட்காமல் இருப்பது நல்லது. "சமையலறையை இடித்துப் பெரிதாக்கப் போகிறேன்" என்று உற்சாகமாகச் சொல்லிவிடக் கூடாது.

மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். இனம், மதம், குடியுரிமை நிலை போன்றவற்றை வைத்து மறுப்பது சட்டவிரோதம். ஆனால் வாயே திறக்காத போர்டிடம் எதை நிரூபிப்பது? புகழ்கூட இங்கே செல்லுபடியாகாது. 1985-இல் மடோனாவுக்கு சான் ரெமோ கதவைத் திறக்கவில்லை. 1979-இல் முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் கிழக்குப் பக்கத்தில் வீடு தேடியபோது குடியிருப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, கடைசியில் அவர் தனி வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

நம்மவர்களுக்கு இடிக்கும் இடம் வேறு. சென்னையில் இரண்டு ஃபிளாட், வங்கியில் எஃப்.டி., ஊரில் நிலம் என்று சொத்து இருந்தாலும் போர்டு கணக்கில் அவை பெரும்பாலும் எடுபடாது. அமெரிக்காவில் உடனே பணமாக்கக்கூடியது எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். வீடு வாங்கிய பிறகும் ஓரிரு வருட மாதச் செலவுக்கான தொகை கையில் மிஞ்ச வேண்டும் என்பது சாதாரணக் கட்டடங்களின் எதிர்பார்ப்பு. ஃபிஃப்த் அவென்யூவின் கறாரான கட்டடங்களில் வீட்டு விலையைப் போலப் பல மடங்கு மிஞ்ச வேண்டும். அங்கே சிலவற்றில் கடனுக்கே இடமில்லை, முழுப் பணமும் ரொக்கம். அப்பா அம்மா அனுப்புவதாக இருந்தால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான இந்தியாவின் எல்.ஆர்.எஸ். விதிப்படி ஆளுக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் உச்சம். அப்படி வந்த பணத்தைப் போர்டு சந்தேகத்தோடு பார்ப்பதும் உண்டு.

பணம். நுழையும்போது கோ-ஆப் லாபம். நிலம் கைமாறாததால் நகரத்தின் அடமானப் பதிவு வரி இல்லை, டைட்டில் இன்சூரன்ஸும் (பத்திர உரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) தேவையில்லை. 40 லட்சம் டாலர் வீட்டுக்குப் பாதிப் பணம் கடன் என்று வையுங்கள். காண்டோவில் 20 லட்சம் கடனுக்கு 1.925 சதவீதம், அதாவது 38,500 டாலர் பதிவு வரி போகும். கோ-ஆப்பில் அது பூஜ்யம். விலை உயர்ந்த வீட்டை வாங்குபவர் கட்டும் மேன்ஷன் வரி மட்டும் இரண்டுக்கும் பொது: 10 லட்சம் டாலரிலிருந்து 1 சதவீதம், 2.5 கோடியைத் தொட்டால் 3.9 சதவீதம். நம் 40 லட்சத்துக்கு 1.5 சதவீதம், 60,000 டாலர்.

வெளியேறும்போது கணக்கு திரும்புகிறது. பல கோ-ஆப்கள் 'ஃபிளிப் டாக்ஸ்' என்று ஒரு தொகை பிடிக்கும். பெயரில் வரி இருந்தாலும் அரசாங்கத்துக்குப் போவதில்லை, கட்டடத்தின் கஜானாவுக்குப் போகிறது. விற்பனை விலையில் 2 சதவீதம் என்றால் அதே 40 லட்சத்துக்கு 80,000 டாலர். நுழையும்போது மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு.

மாதச் செலவில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கோ-ஆப்பின் மெயின்டனன்ஸ் தொகையைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். அதில் சொத்து வரி, ஆட்களின் சம்பளம், வெப்பமூட்டும் செலவு, கட்டடத்தின் மேல் கம்பெனி வாங்கிய கடனுக்கான தவணை எல்லாம் அடக்கம். காண்டோவில் பொதுக் கட்டணம் தனி, சொத்து வரி தனி. இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கோ-ஆப்பில் அந்தக் கட்டடக் கடன் எப்போது முதிர்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள். குறைந்த வட்டிக் காலத்தில் வாங்கிய கடனை இன்றைய வட்டிக்குப் புதுப்பித்தால் உங்கள் மாதத் தொகை எகிறும்.

சுதந்திரம். உள்வாடகைக்கு விடுவது பெரும்பாலும் சில வருடம் நாமே குடியிருந்த பிறகு, அதுவும் ஓரிரு வருடத்துக்கு மட்டும். ஆடம்பரக் கட்டடங்களில் அதுகூடக் கிடையாது. எல்.எல்.சி. பெயரில் வாங்க விடமாட்டார்கள். வருடத்தில் நான்கு வாரம் மட்டும் வந்து தங்குவேன் என்றால் முகம் சுளிப்பார்கள்.

உள்வேலை. புதிதாக வாங்கியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பல கட்டடங்களில் இடிப்பு வேலைக்குக் கோடையில் மட்டுமே அனுமதி, மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. பூங்காவை ஒட்டிய குடும்பங்கள் அப்போது ஊரில் இருக்காது என்பது கணக்கு. குறித்த நாளில் முடியாவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். ஒரு கோடையில் முடியாத வேலை அடுத்த கோடைக்குப் போகும், அதுவரை வேறிடத்து வாடகையும் உங்கள் தலையில்தான். கீழ்வீட்டின் படுக்கையறைக்கு மேலே உங்கள் குளியலறையோ சமையலறையோ வரக் கூடாது என்பது இன்னொரு விதி. வரவேற்பறை ஓரத்தில் நம் பாணியில் இரண்டாவது சமையலறை போடலாம் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடும். தரையில் 80 சதவீதத்துக்குக் கம்பளம் விரிக்க வேண்டும். சமையல் வாசனை அளவுமீறி வெளியே போகக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கும். தாளிப்பு வரை சமாளிக்கலாம், கருவாடு வறுக்கிறவர்கள் புகை இழுக்கும் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகள். வாஷிங்டன் ஸ்கொயர் பார்க் பக்கத்தில் உள்ள ஒன் ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு பங்குதாரர் சமையலறை வேலைக்காக நீராவிக் குழாயை நகர்த்தப் போய், போர்டு தடுத்தது. 1990-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமான அப்பீல்ஸ் கோர்ட், நல்லெண்ணத்தோடு கட்டடத்தின் நன்மைக்காகத் தன் அதிகார வரம்புக்குள் போர்டு எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. 2003-இல் இன்னொரு படி மேலே போனது. சென்ட்ரல் பார்க்குக்கு அருகே 40 வெஸ்ட் 67-ஆம் தெருக் கட்டடத்தில், மேல்வீட்டாரோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற ஒருவரை வெளியேற்றப் பங்குதாரர்கள் கூடி வாக்களித்தார்கள். எதிராக ஒரு பங்குகூட விழவில்லை. அதுவும் செல்லும் என்றது கோர்ட். காசு கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்ப முடியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இந்த நகரத்தில் ஊன்றிவிட்டன, பத்து வருடத்துக்குக் குறையாமல் இங்கேதான், வருமானம் இந்த நாட்டில், ஒளிக்க எதுவுமில்லை என்றால் கோ-ஆப்பைத்தான் நான் சொல்வேன். போர்டின் கறார் உங்களுக்கும் காவல்தான். கடனே வாங்காத, சேமிப்பு மிஞ்சிய பக்கத்து வீட்டார் நிறைந்த கட்டடத்தில் யாரும் மாதத் தொகையைக் கட்டாமல் ஓடமாட்டார்கள். பெரிய சமையலறை, ஜன்னல் வைத்த சாப்பாட்டு அறை, பணியாளுக்கென்று கட்டிய சின்ன அறை என்று அமைந்த 'கிளாசிக் சிக்ஸ்' வகை வீட்டில் பாட்டி தாத்தா ஆறு மாதம் வந்து தங்க இடம் இருக்கும். அந்தக் காசுக்குப் புதுக் காண்டோவில் அது கிடைப்பது கடினம்.

## காண்டோ

பத்திரம் உங்கள் பெயரில். நீங்கள் விற்கும்போது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு இருப்பது 'அந்த விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்லும் முன்னுரிமை மட்டுமே. அதற்கு அவர்கள் பணம் திரட்ட வேண்டும் என்பதால் அநேகமாக யாரும் செய்வதில்லை. விற்பது எளிது, வாடகைக்கு விடுவது எளிது. 30 நாளுக்குக் குறைவாக மொத்த வீட்டையும் விடுவதை மட்டும் நகரச் சட்டம் தடுக்கிறது.

ராபர்ட் ஸ்டெர்ன் வடிவமைத்த 15 சென்ட்ரல் பார்க் வெஸ்ட் 2008-இல் வந்தபோது, பழைய கோ-ஆப்பின் சுண்ணாம்புக்கல் தோற்றம் இருக்கட்டும், போர்டு வேண்டாம் என்ற ஏற்பாடு அப்படியே பிடித்துக்கொண்டது. அங்கே 4.37 கோடி டாலருக்கு வாங்கிய உச்சித்தள வீட்டை சிட்டிகுரூப் வங்கியின் முன்னாள் தலைவர் சாண்டி வைல் 2012-இல் 8.8 கோடிக்கு விற்றார். தெற்கு ஓரத்தில் 220 சென்ட்ரல் பார்க் சவுத்தில் முதலீட்டு நிறுவன அதிபர் கென் கிரிஃபின் 2019-இல் சுமார் 23.8 கோடி டாலருக்கு வாங்கியதும் காண்டோதான்.

இந்தக் கதைகளைத் தரகர்கள் ஒப்பிப்பார்கள், எதிர்க்கதையைச் சொல்ல மாட்டார்கள். 57-ஆம் தெருவின் ஒன்57 கோபுரத்தில் 2014-இல் 5.09 கோடிக்கு வாங்கிய ஒரு வீடு, கடன் கட்டாததால் 2017-இல் 3.6 கோடிக்கு ஏலம் போனது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதற்கு அதுவும் ஒரு விலை.

மறைந்த செலவு. புத்தம்புதுக் கட்டடத்தில் பில்டரிடம் நேராக வாங்கினால், விற்பவர் கட்ட வேண்டிய கைமாற்று வரியை உங்கள் தலையில் கட்டிவிடுவது வழக்கம். நகரத்துக்கு 1.425 சதவீதம், மாநிலத்துக்கு 0.65 சதவீதம். நம் 40 லட்சத்துக்கு 83,000 டாலர். பில்டர் தன் வக்கீல் ஃபீஸையும் சேர்த்துக் கேட்பார். இது பேசிக் குறைக்கக்கூடியது, சந்தை மந்தமாக இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். உயரக் கோபுரங்களில் தண்ணீர்க் கசிவு, லிஃப்ட் கோளாறு, காற்றில் கட்டடம் முனகுவது போன்ற புகார்களும் உண்டு. 432 பார்க் அவென்யூவின் சங்கமே 2021-இல் கட்டியவர்கள் மேல் வழக்குப் போட்டது.

யாருக்குப் பொருந்தும். துபாய், சிங்கப்பூர், சென்னை என்று அலைகிறவர்கள், நான்கைந்து வருடத்தில் மாற்றலாகக்கூடியவர்கள், பிள்ளை படிக்கும்வரை வைத்திருந்து பிறகு வாடகைக்கு விட நினைப்பவர்கள் காண்டோ பக்கம் போகலாம். அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காண்டோதான். அவர்கள் பெயரில் அமெரிக்கச் சொத்து இருந்து இறந்துபோனால் 60,000 டாலருக்கு மேல் உள்ள மதிப்புக்கு எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி), உச்ச விகிதம் 40 சதவீதம். இந்தியாவோடு இதற்கென்று ஒப்பந்தமும் கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி வழியாகவோ வேறு அமைப்பின் பெயரிலோ வைத்துக்கொள்ள நல்ல வரி ஆலோசகர் வழி சொல்வார். அதற்குக் கோ-ஆப் போர்டு இடம் கொடுக்காது.

## நிலம் வேறொருவருடையதாக இருக்கும் கோ-ஆப்

விளம்பரத்தில் நம்ப முடியாத மலிவு விலையைப் பார்த்தால் கட்டடம் நிற்கும் நிலம் யாருடையது என்று கேளுங்கள். சில கோ-ஆப்களுக்கு நிலம் சொந்தமில்லை, குத்தகைதான். பூங்காவுக்குத் தெற்கே 100 வெஸ்ட் 57-ஆம் தெருவில் உள்ள கார்னகி ஹவுஸில் நில வாடகையை மறுநிர்ணயம் செய்யும் நேரம் வந்தபோது அது பல மடங்கு எகிறியது. குடியிருப்பவர்களின் மாதத் தொகை தாங்க முடியாததாகி, வீடுகளை வாங்க ஆளில்லாமல் போனது. வயதானவர்கள் பலர் சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருந்தார்கள். எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வாடகைக்குப் போவது

இரண்டு வருடத்துக்கு மேல் உறுதியில்லை என்றால் வாடகையே போதும். வாங்கி விற்பதில் வரியும் தரகும் சேர்ந்து விழுங்குவதை இரண்டு வருட விலையேற்றம் ஈடுகட்டும் என்று நம்ப முடியாது. 2025 ஜூனிலிருந்து, வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு வீட்டுக்காரரே கட்ட வேண்டும் என்று நகரச் சட்டம் மாறிவிட்டதால் நுழைவுச் செலவும் குறைந்திருக்கிறது.

| | கோ-ஆப் | காண்டோ | குத்தகை நிலக் கோ-ஆப் | வாடகை |
|---|---|---|---|---|
| யார் சம்மதம் | போர்டு, காரணம் சொல்லாமல் மறுக்கலாம் | பெயரளவில் சங்கம் | போர்டு | வீட்டுக்காரர் |
| வாங்கும் விலை | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு | இல்லை |
| அடமானப் பதிவு வரி | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| வாடகைக்கு விடுதல் | மிகக் கடினம் | எளிது | கட்டடத்தைப் பொறுத்து | பொருந்தாது |
| பெரிய அபாயம் | மறுப்பு, விற்கத் தாமதம் | அதிக விலைக்கு வாங்கிவிடுவது | நில வாடகை உயர்வு | ஒப்பந்தம் புதுப்பிக்காமல் போவது |

## எந்தப் பக்கம் நின்று பார்ப்பது

பூங்கா 59-ஆம் தெருவிலிருந்து 110 வரை நீள்கிறது, 843 ஏக்கர். மூன்று பக்கத்துக்கும் மூன்று விதமான வெளிச்சம். சென்ட்ரல் பார்க் வெஸ்டில் ஜன்னல் கிழக்கே பார்க்கும், காலை வெயில் நேராக உள்ளே வரும். ஃபிஃப்த் அவென்யூவில் மேற்கே பார்க்கும், சாயங்கால வெயில் கோடையில் சுள்ளென்று அடிக்கும், திரைக்குத் தனியாகச் செலவாகும். சென்ட்ரல் பார்க் சவுத்தில் வடக்கே பார்ப்பதால் நேர் வெயில் இல்லை. ஆனால் பூங்காவின் முழு நீளமும் கண்முன்னே விரிவது அங்கேதான்.

சத்தமும் வேறு. மேற்குப் பக்கம் நிலத்தடி ரயில் ஓடுகிறது, கீழ்த்தளங்களில் அதிர்வு தெரியும். நன்றி நவிலும் நாளில் மேசிஸ் கடை நடத்தும் ஊர்வலம் அந்த வழியே வரும். ஏழாவது மாடிக் குழந்தைகளுக்கு ராட்சத பலூன் ஜன்னல் உயரத்தில் மிதந்து போவது கொண்டாட்டம், அன்று காரை எடுக்க நினைக்கிற அப்பாவுக்குத் திண்டாட்டம். ஃபிஃப்த் அவென்யூவில் வசந்தம் தொடங்கி ஊர்வலத்துக்குக் குறைவில்லை. தெற்கு ஓரத்தில் குதிரை வண்டிகளின் வாடை கோடையில் கீழ்த்தளங்கள்வரை ஏறும்.

தாழ்வான தளமென்றால் குளிர்காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இலை உதிர்ந்தபோது தெரிகிற ஏரி, ஜூலையில் பச்சைச் சுவருக்குப் பின்னால் போய்விடும்.

## கையெழுத்துக்கு முன்

போர்டு கூட்டங்களின் குறிப்பேட்டைக் கடந்த இரண்டு மூன்று வருடத்துக்கு வக்கீல் படிக்க வேண்டும். பழைய கட்டடங்களின் உண்மையான விலை அதில்தான் இருக்கிறது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தின் வெளிச்சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்பது நகரச் சட்டம். 1979-இல் மேலிருந்து பெயர்ந்து விழுந்த கட்டடத் துண்டு ஒரு கல்லூரி மாணவியின் உயிரைக் குடித்த பிறகு வந்த ஏற்பாடு. சான் ரெமோ, டகோட்டா போன்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் செதுக்கு வேலைப்பாடுள்ள சுவரைப் பழுது பார்ப்பது சாதாரணச் செலவு அல்ல. அதைப் பங்குவாரியாகப் பிரித்துச் சிறப்பு வசூலாகக் கேட்பார்கள். சாரம் கட்டினால் கீழ்த்தளங்களின் காட்சியும் மாதக்கணக்கில் மறையும்.

கூடவே, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரியமில வெளியீட்டுக்கு 2024 முதல் உச்சவரம்பு வந்திருக்கிறது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம், 2030-இல் வரம்பு இன்னும் இறுகும். பழைய பாய்லரை மாற்றப் போர்டு என்ன திட்டம் வைத்திருக்கிறது, சேமிப்பு நிதி எவ்வளவு, தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். உங்களுடைய மூன்று வருட வரிக் கணக்கைத் துருவிப் பார்க்கிற கட்டடம் தன் கணக்கைக் காட்டத் தயங்கினால், அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.